கூட்டாக எழுதும் நிரலில் ஃபார்மேட்டரையும் லின்டரையும் சேர்ப்பது எப்படி?

ஒன்பது பேர் சேர்ந்து எழுதும் ஒரு ஜாங்கோ (பைத்தானில் இணையதளம் கட்டும் சட்டகம்) ரெப்போவில், அதாவது நிரல் களஞ்சியத்தில், நிரலின் வடிவத்தைச் சீராக்கும் ஃபார்மேட்டரையும் குறைகளைக் காட்டும் லின்டரையும் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் மாலைக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லோரும் கிளம்பிய பின், இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, நானூற்றுச் சொச்சம் கோப்புகள் மாறிய ஒரே கமிட்டை (கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி பதிந்துவைக்கும் மாற்றத் தொகுப்பு) எல்லோருக்கும் பொதுவான மெயின் கிளையில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலையில் திறந்திருந்த பதினோரு புல் ரிக்வெஸ்ட்டுகளும் (மெயினில் சேரக் காத்திருக்கும் மாற்றங்கள்) கான்ஃபிளிக்ட்டில், அதாவது மெயினோடு தானாக இணைய முடியாத மோதலில், நின்றன. ஆர்டர் செய்தவர்களுக்குப் போக வேண்டிய உறுதி மின்னஞ்சல் வெள்ளி இரவிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை என்பது அன்று மதியம்தான் தெரிந்தது.

அதைச் சரிசெய்து பழைய நிலைக்கு வர எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. சில மாதங்கள் கழித்து இன்னொரு ரெப்போவில் அதே கருவியைச் சேர்த்தபோது யாருக்கும் ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை. இரண்டாம் முறை நான் மாற்றியது வேலையின் வரிசையை மட்டும்தான். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பைத்தான் ரெப்போவிலிருந்து வருகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன். கட்டளை, கோப்புப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருப்பதால், தட்டச்சு செய்யும்போது அந்தந்தக் கருவியின் ஆவணத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஃபார்மேட்டர் வேறு, லின்டர் வேறு

இரண்டையும் ஒரே பொருளாக நினைத்ததுதான் என் முதல் தவறு. ஃபார்மேட்டர் என்பது இடைவெளி, வரி முறிவு, மேற்கோள் குறி, கடைசிக் காற்புள்ளி ஆகியவற்றை ஒரே சீராக்குவது. நிரல் செய்யும் வேலையை அது மாற்றக் கூடாது. பிளாக் என்ற பைத்தான் ஃபார்மேட்டர் இதைச் சரிபார்க்கவும் செய்கிறது: மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நிரலின் தொடரமைப்பு மரத்தை ஒப்பிட்டு, வேறுபாடு தெரிந்தால் கோப்பைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

லின்டர் நிரலைப் படித்துக் குறை சொல்வது. பயன்படாத இறக்குமதி, வரையறுக்கப்படாத பெயர், எல்லாப் பிழைகளையும் விழுங்கும் வெற்று எக்செப்ட் போன்றவற்றை அது காட்டும். அதைத் தானாகத் திருத்தச் சொன்னால் வரிகளை நீக்கும், ஒப்பீடுகளை மாற்றி எழுதும். அப்போது நிரலின் பொருளே மாறிப்போக வாய்ப்பு உண்டு. ஆகவே ஃபார்மேட்டரை ஒரே நாளில் மொத்த ரெப்போவுக்கும் ஓட்டலாம். லின்டரை ஒவ்வொரு விதியாகத்தான் கொண்டுவர வேண்டும். இரண்டும் ஒரே கமிட்டில் வரவே கூடாது.

ஜாவாஸ்கிரிப்டில் பிரிட்டியர் ஃபார்மேட்டர், ஈஎஸ்லின்ட் லின்டர். ஈஎஸ்லின்ட்டுக்குள்ளேயே வடிவ விதிகளும் முன்பு இருந்தன. 2023-இல் வந்த 8.53 பதிப்பில் அவற்றை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். பழைய அமைப்புக் கோப்பில் அவை ஒட்டிக்கொண்டிருந்தால், ஒரு கருவி வைத்த இடைவெளியை மற்றொன்று தவறு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஈஎஸ்லின்ட்-கான்ஃபிக்-பிரிட்டியர் என்ற தொகுப்பு அந்த மோதல் விதிகளை அணைத்துவிடும். ஆனால் அமைப்புப் பட்டியலில் அது கடைசியாக நிற்க வேண்டும். நடுவில் வைத்தால் அதற்குப் பின் வரும் தொகுப்பு அணைத்ததை மறுபடி ஏற்றிவிடும்.

2. கருவியைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் அதில் நேரம் போக்காதீர்கள்

புதிதாகத் தொடங்கும் பைத்தான் ரெப்போவுக்கு ரஃப் போதும். லின்டரும் ஃபார்மேட்டரும் ஒரே கருவியில் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான கோப்புகளையும் சில நொடிகளில் பார்த்து முடிக்கும். ஏற்கெனவே பிளாக் ஓடிக்கொண்டிருந்தால் அதை மாற்ற அவசரம் இல்லை. கோ மொழியில் கோஃபம்ட் மொழியுடனேயே வருவதால் பேச்சுக்கே இடமில்லை. சி பிளஸ்பிளஸ்ஸுக்கு கிளாங்-ஃபார்மட்.

அமைப்புகளைக் கூடியவரை தொடாமல் விடுங்கள். பிளாக்கும் ரஃப்பும் வரிக்கு 88 எழுத்து, பிரிட்டியர் 80 எழுத்து என்று வைத்துக்கொண்டு வருகின்றன. இந்த ஒன்றை வேண்டுமானால் குழு மாற்றிக்கொள்ளலாம். மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்பதை விவாதத்துக்குக் கொண்டுவந்தால், அதைப் பேசித் தீர்த்த குழு எதையும் நான் பார்த்ததில்லை.

3. ஒரு பக்கம் எழுதிக் குழுவிடம் ஒரு வாரம் கொடுங்கள்

எந்தக் கருவி, வரி நீளம் எவ்வளவு, மொத்த ரெப்போவும் மாறப்போகும் நாள் எது, அன்று யார் எதைச் செய்ய வேண்டும் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். கூடவே, ரெப்போவில் மிக மோசமாகக் கிடக்கும் மூன்று கோப்புகளில் மட்டும் ஃபார்மேட்டரை ஓட்டி, அதன் விளைவை ஒரு வரைவுப் புல் ரிக்வெஸ்ட்டாகக் காட்டுங்கள். வாயால் சொன்னால் எதிர்ப்பவர்களும் கண்ணால் பார்த்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

எதிர்ப்பு வந்தால் அதில் நியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் மாவட்டவாரியான டெலிவரிக் கட்டணத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்திருந்தார். மாவட்டத்தின் பெயர், எடை வரம்பு, தொகை என்று மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாக, கணக்குப் பேரேடு போல நேராக நிற்கும்படி இடைவெளி விட்டு அமைத்திருந்தார். ஃபார்மேட்டர் அந்த இடைவெளிகளை விழுங்கியதும் பட்டியலைக் கண்ணால் சரிபார்க்க முடியாமல் போயிற்று. அவர் கோபித்துக்கொண்டதில் தவறில்லை. அப்படிப்பட்ட பகுதியின் மேலே ‘ஃபம்ட் ஆஃப்’ என்றும் கீழே ‘ஃபம்ட் ஆன்’ என்றும் குறிப்பு வரி எழுதினால், பிளாக்கும் ரஃப்பும் அந்த இடத்தைத் தொடுவதில்லை. இந்த விலக்கு ரெப்போ முழுவதற்கும் இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் தேவைப்பட்டால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

4. ரெப்போவில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஃபார்மேட்டரை ஓட்டுவதற்கு முன், கீழே சொல்லும் கோப்புகளைத் தனிப் புல் ரிக்வெஸ்ட்டாக மெயினில் சேர்த்துவிடுங்கள். இவை நிரல் கோப்பு எதையும் மாற்றாதவை என்பதால் யாருக்கும் இடைஞ்சல் வராது. இந்தக் கமிட் தனியாக, முந்தி இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது 6-ஆவது படியில் வருகிறது.

முதலாவது, கருவியின் அமைப்புகள் இருக்கும் பைபிராஜெக்ட்-டாமல் கோப்பு. இதில் வரி நீளம், பைத்தான் பதிப்பு, விலக்க வேண்டிய கோப்புறைகள், இயங்கும் விதிகள் ஆகியவை இருக்க வேண்டும். தரவுத்தள அமைப்பின் மாற்றங்களைப் பதியும் ஜாங்கோவின் மைக்ரேஷன் கோப்புகளை விலக்குப் பட்டியலில் நீங்களே எழுத வேண்டும். ரஃப் அவற்றைத் தானாக விலக்குவதில்லை. ‘ரெக்வயர்ட்-வெர்ஷன்’ என்ற அமைப்பில் ரஃப்பின் பதிப்பையும் எழுதிவிட்டால், வேறு பதிப்பை வைத்திருப்பவரின் கணினியில் அது ஓட மறுத்துவிடும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் ‘என் கணினியில் சரியாகத்தான் வந்தது’ என்ற பேச்சு அதோடு நின்றுபோகும்.

இரண்டாவது, பிரீ-கமிட் கருவிக்கான யாமல் கோப்பு. ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் எந்தச் சோதனை (இதற்கு ஹுக் என்று பெயர்) தானாக ஓட வேண்டும் என்பதை இது சொல்கிறது. இங்கேயும் ரஃப்பின் பதிப்பு எண்ணை எழுத வேண்டியிருக்கும், அதில்தான் கண்ணி இருக்கிறது. பைபிராஜெக்ட்-டாமலில் ஒரு பதிப்பும் இங்கே வேறொரு பதிப்புமாக இருந்தால், ஹுக் ஓட மறுத்துவிடும். ‘ரெக்வயர்ட்-வெர்ஷன்’ எழுதாமல் விட்டிருந்தாலோ, எடிட்டர் ஒரு மாதிரியும் ஹுக் வேறு மாதிரியும் வடிவமைத்து, சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பு இரண்டுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். பதிப்பை உயர்த்தும்போது இரண்டு இடத்தையும் ஒரே கமிட்டில் உயர்த்துங்கள். ரஃப்பைத் திருத்தும் முறையில் வைத்தால், லின்ட் ஹுக் முதலிலும் ஃபார்மட் ஹுக் அதற்குப் பின்னும் வர வேண்டும். லின்டர் திருத்திய வரியை மறுபடி சீராக்குவது ஃபார்மேட்டரின் வேலை.

பிளாக் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. ஹுக் வழியாக ஓடும்போது கோப்புப் பெயர்கள் நேரடியாகக் கொடுக்கப்படுவதால், சாதாரண விலக்குப் பட்டியலை பிளாக் கண்டுகொள்ளாது. ‘ஃபோர்ஸ்-எக்ஸ்க்ளூட்’ என்ற அமைப்பில் எழுதினால்தான் விலக்கும்.

மூன்றாவது, எடிட்டர்கான்ஃபிக் கோப்பு: உள்தள்ளல் அளவு, யூடிஎஃப்-8, வரி முடிவு, கோப்பின் கடைசியில் வரி முறிவு ஆகியவற்றைப் பல எடிட்டர்களும் புரிந்துகொள்ளும்படி சொல்வது. விஎஸ் கோடு பயன்படுத்துபவர்கள் அதிகம் என்றால், அதன் அமைப்புக் கோப்பையும் ரெப்போவிலேயே வையுங்கள். எந்த ஃபார்மேட்டர் என்பதைப் பெயர் சொல்லி அதில் எழுதுங்கள். யாரோ ஒருவர் மூன்று வருடத்துக்கு முன் நிறுவி மறந்துபோன நீட்சி ஒன்று, சேமிக்கும்போதெல்லாம் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நாள் ஆயிற்று.

நான்காவது கிட்-அட்ரிபியூட்ஸ், ஐந்தாவது பிளேமில் (ஒரு வரியை எழுதியவரைக் காட்டும் கிட் கட்டளை) ஒதுக்க வேண்டிய கமிட்டுகளின் பட்டியல். இந்த ஐந்தாவது மட்டும் ஃபார்மட் கமிட்டுக்குப் பிறகே சேரும். இரண்டையும் அடுத்து வரும் படிகளில் விளக்குகிறேன்.

5. வரி முடிவை முதலில் தீர்த்துவிடுங்கள்

குழுவில் ஒருவராவது விண்டோஸ் வைத்திருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸில் கிட்டை நிறுவும்போது வருகிற இயல்பான தேர்வு, கோப்பை எடுக்கும்போது ஒவ்வொரு வரியின் முடிவையும் விண்டோஸ் பாணிக்கு மாற்றிக் கொடுக்கும். பிரிட்டியரோ 2.0 பதிப்பிலிருந்து லினக்ஸ் பாணி வரி முடிவையே எதிர்பார்க்கிறது. அதனால் புதிதாகச் சேர்ந்தவர் ரெப்போவை எடுத்துச் சோதனையை ஓட்டியதும், ஒரு எழுத்தைக்கூடத் தொடாமலே எல்லாக் கோப்புகளும் தவறு என்று வரும். அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார்.

கிட்-அட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்லா உரைக் கோப்புகளுக்கும் எல்எஃப் (லினக்ஸ் பாணி) முடிவு என்று ஒரு வரி எழுதி, ‘கிட் ஆட்’ கட்டளையை ‘ரீநார்மலைஸ்’ தேர்வுடன் ஒரு முறை ஓட்டி, அந்த மாற்றத்தைத் தனிக் கமிட்டாக ஏற்றுங்கள்.

6. ஃபார்மட் நாள்

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஒரு வெளியீடு போய், அதன் அவசரத் திருத்தங்களும் அடங்கிய பிறகு வரும் செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதற்கு முந்தைய மூன்று நாட்களில் திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளில் எவற்றை முடிக்க முடியுமோ அவற்றை முடிக்கச் சொல்லுங்கள். ரிவ்யூவுக்குக் காத்திருப்பவற்றுக்கு நீங்களே உட்கார்ந்து ரிவ்யூ செய்யுங்கள். இரண்டாம் முறை நான் செய்த வேலைகளில் அதிகப் பலன் தந்தது இதுதான்; பதினான்காக இருந்த எண்ணிக்கை மூன்றுக்கு இறங்கிவிட்டது.

அன்று காலை மெயினைப் பூட்டுங்கள். சோதனைகள் முழுவதையும் ஓட்டி, எல்லாம் தேறுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ‘ரஃப் ஃபார்மட்’ கட்டளையை மட்டும் ஓட்டுங்கள். சோதனைகளை மறுபடி ஓட்டுங்கள். கமிட் செய்தியில் எந்தக் கட்டளையை, எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்பதை எழுதுங்கள். வேறொருவர் அதே கட்டளையைத் தன் கணினியில் ஓட்டி, அதே விளைவு வருகிறதா என்று பார்ப்பதுதான் இந்தக் கமிட்டுக்கு உண்மையான ரிவ்யூ. நானூறு கோப்புகளை யாரும் கண்ணால் படிக்கப் போவதில்லை, படித்ததாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்தக் கமிட்டில் கையால் செய்த திருத்தம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இன்னும் திறந்திருக்கும் கிளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. கான்ஃபிளிக்ட்டை ஒவ்வொன்றாகக் கையால் தீர்க்க முயலாதீர்கள். கிளையின் உரிமையாளர் தன் கிளையில் இருந்துகொண்டு, முதலில் ஃபார்மட் கமிட்டுக்கு நேர் முந்தைய கமிட்டை மெர்ஜ் செய்ய, அதாவது தன் கிளையோடு இணைக்க, வேண்டும். அமைப்புக் கோப்புகள் முன்பே தனியாகச் சேர்ந்திருப்பதால் அவையும் இப்போது கிளைக்கு வந்துவிடும். அடுத்து, அதே ஃபார்மேட்டரைத் தன் கிளை முழுவதிலும் ஓட்டிக் கமிட் செய்ய வேண்டும். பிறகு ஃபார்மட் கமிட்டை ‘அவர்ஸ்’ என்ற உத்தியுடன் மெர்ஜ் செய்ய வேண்டும். அந்தக் கமிட் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, ஆனால் என் கிளையில் இருப்பதே சரி என்று கிட்டிடம் சொல்வதாக இதற்குப் பொருள். கடைசியாக மெயினை வழக்கம்போல் மெர்ஜ் செய்யலாம். நான்கே வேலைகள், பத்து நிமிடம். வரிசை மாறி, ‘அவர்ஸ்’ உத்தியை மெயினின் நுனிக்கே கொடுத்துவிட்டால், ஃபார்மட்டுக்குப் பின் மற்றவர்கள் ஏற்றிய நிரல் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஆகவே கமிட்டின் எண்ணைப் பிரதி எடுத்து ஒட்டுங்கள், கிளையின் பெயரை எழுதாதீர்கள்.

பழைய வெளியீட்டுக் கிளை எதையேனும் இன்னும் பராமரித்துவந்தால் அதிலும் அதே வாரத்தில் ஃபார்மேட்டரை ஓட்டிவிடுங்கள். இல்லையெனில் மெயினில் செய்த பாதுகாப்புத் திருத்தத்தை அங்கே எடுத்துப்போகும் ஒவ்வொரு முறையும் கான்ஃபிளிக்ட் வரும்.

7. பிளேமைக் காப்பாற்றுங்கள்

ஒரு வரியை யார், எப்போது, ஏன் எழுதினார்கள் என்று பார்க்க ‘கிட் பிளேம்’ ஓட்டினால், ஃபார்மட் நாளுக்குப் பிறகு பாதி வரிகளில் உங்கள் பெயர்தான் வரும். இதற்காகவே பலர் ஃபார்மேட்டரை எதிர்க்கிறார்கள். 2019-இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து இதற்குத் தீர்வு இருக்கிறது: ஒதுக்க வேண்டிய கமிட்டுகளின் எண்களை ஒரு கோப்பில், வரிக்கு ஒன்றாக எழுதிவைத்தால் பிளேம் அவற்றைத் தாண்டி அதற்கு முந்தைய ஆளைக் காட்டும். ஜாங்கோ திட்டமே 2022 பிப்ரவரியில் தன் மொத்த நிரலையும் பிளாக்கால் மாற்றியபோது இப்படித்தான் செய்தது. அந்தக் கோப்பை அதன் ரெப்போவில் இன்றும் பார்க்கலாம். கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற வழக்கமான பெயரில் ரெப்போவின் வேரில் இருந்தால் கிட்ஹப்பின் பிளேம் பக்கமும் அதை மதிக்கிறது.

இங்கே மூன்று கண்ணிகள். முதலாவது, கமிட் எண்ணைச் சுருக்காமல் 40 எழுத்தும் எழுத வேண்டும். இரண்டாவதில் நானே விழுந்தேன்: உங்கள் கிளையில் இருக்கும்போதே எண்ணைக் கோப்பில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பி, அதை ஸ்குவாஷ் செய்து (கமிட்டுகளை ஒன்றாக்கி) மெர்ஜ் செய்தால், மெயினில் உருவாகும் கமிட்டுக்கு வேறு எண் கிடைக்கும். கோப்பில் இருக்கும் எண் எந்த வரிக்கும் பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது. ஆகவே ஃபார்மட் கமிட் மெயினில் சேர்ந்த பிறகு, அங்கே தெரியும் எண்ணை எடுத்து, அடுத்த புல் ரிக்வெஸ்ட்டாக இந்தக் கோப்பை அனுப்புங்கள். மூன்றாவது, ஒவ்வொருவரும் தம் கணினியில் ‘பிளேம் இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்’ அமைப்பை அந்த ரெப்போவுக்கு மட்டும் வைக்க வேண்டும். எல்லா ரெப்போவுக்கும் பொதுவாக வைத்தால், அந்தக் கோப்பு இல்லாத ரெப்போக்களில் பிளேம் ஓடவே ஓடாது.

8. லின்ட் விதிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள்

மின்னஞ்சல் நின்றுபோன கதைக்கு இப்போது வருகிறேன். ஆர்டர் செயலியின் ஆப்ஸ் கோப்பில் ‘ரெடி’ என்ற செயற்கூறு ஒன்று இருந்தது. அதன் உடலில் ஒரே ஒரு வரிதான்: சிக்னல்ஸ் கோப்பை இறக்குமதி செய்யும் வரி. இறக்குமதி செய்த பெயரை அதன் பிறகு யாரும் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தத் தேவையும் இல்லை; அந்தக் கோப்பு ஏற்றப்பட்டாலே ஆர்டர் சேமிக்கப்படும்போது மின்னஞ்சல் அனுப்பும் சிக்னல் பதிவாகிவிடும். லின்டரின் கண்ணுக்கு அது எஃப்401, அதாவது பயன்படாத இறக்குமதி. தானியங்கித் திருத்தம் அதை நீக்கிவிட்டு, செயற்கூறின் உடல் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக அங்கே ‘பாஸ்’ என்று ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போய்விட்டது. சோதனைகள் எல்லாம் தேறின, ஏனென்றால் சோதனைக் கோப்பு சிக்னல்ஸை நேரடியாகத் தானே இறக்குமதி செய்துகொண்டது. நானூறு கோப்பு மாற்றங்களுக்கு நடுவே அந்த ஒற்றை ‘பாஸ்’ யார் கண்ணிலும் படவில்லை.

அதனால் இப்போது நான் பின்பற்றும் முறை இது. முதலில் திருத்தம் எதுவும் கேட்காமல் ‘ரஃப் செக்’ கட்டளையை ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ தேர்வுடன் ஓட்டினால், எந்த விதி எத்தனை இடத்தில் மீறப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் வரும். அதில் உண்மையான பிழைகளைக் காட்டும் விதிகளை முதலில் எடுங்கள்: வரையறுக்கப்படாத பெயரைச் சொல்லும் எஃப்821, ஒரே பெயரை இருமுறை வரையறுத்ததைச் சொல்லும் எஃப்811, செயற்கூறின் இயல்பு மதிப்பாகப் பட்டியலையோ அகராதியையோ வைத்திருப்பதைச் சொல்லும் பி006. இவற்றைக் கையால் திருத்துங்கள். எங்கள் ரெப்போவில் எஃப்821 நான்கு இடங்களைக் காட்டியது. நான்கும் அந்தப் பாதையில் யாராவது போனால் உடனே உடையக்கூடிய உண்மையான பிழைகள். குழுவுக்கு லின்டர் மேல் நம்பிக்கை வந்தது அந்த நான்கால்தான்.

அதன்பின் ஒரு விதிக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட். எஃப்401-ஐ எடுக்கும்போது ஒவ்வொரு நீக்கத்தையும் படியுங்கள். வேண்டுமென்றே வைத்த இறக்குமதி என்றால் வரியின் கடைசியில் ‘நோக்யூஏ’ குறிப்பை விதி எண்ணுடன் எழுதி, காரணத்தையும் அரை வரியில் சொல்லுங்கள். விதி எண் இல்லாத வெற்று ‘நோக்யூஏ’ அந்த வரியில் பின்னால் வரும் எல்லாப் பிழைகளையும் மறைத்துவிடும். பழைய மீறல்கள் ஏராளமாக இருந்தால் அவை எல்லாவற்றிலும் இந்தக் குறிப்பைத் தானாகச் சேர்க்கும் தேர்வு ரஃப்பில் இருக்கிறது. புதிய நிரலுக்கு விதி உடனே பொருந்தும், பழையதை மெதுவாகத் தீர்க்கலாம். ஈஎஸ்லின்ட்டில் 9.24 பதிப்பிலிருந்து, பழைய மீறல்களைத் தனிக் கோப்பில் பதிந்து ஒதுக்கிவைக்கும் வசதி இருக்கிறது.

பாதுகாப்பற்ற திருத்தங்களை ரஃப் இயல்பாகச் செய்வதில்லை. தனியாகக் கேட்டால்தான் செய்யும். கேட்காதீர்கள். ‘ட்ரூவுக்குச் சமம்’ என்று எழுதியிருப்பதை ‘ட்ரூவேதான்’ என்ற ஒப்பீடாக மாற்றுவது சாதாரண பைத்தானில் பெரும்பாலும் சரியாகவே போகும். தரவுத்தளத்தோடு பேச உதவும் எஸ்கியூஎல்ஆல்கமி நூலகத்தின் ஃபில்டருக்குள் அதே மாற்றத்தைச் செய்தால், தரவுத்தளத்துக்குப் போக வேண்டிய நிபந்தனை அங்கேயே வெறும் ‘ஃபால்ஸ்’ ஆகிவிடும். தேடலுக்கு ஒரு பதிவுகூடக் கிடைக்காது.

9. ஹுக்கும் சிஐயும்

கமிட்டுக்கு முன் ஓடும் ஹுக் ஒரு உதவி மட்டுமே. ஒவ்வொருவரும் தம் கணினியில் ‘பிரீ-கமிட் இன்ஸ்டால்’ கட்டளையை ஒரு முறை ஓட்டினால்தான் அது இயங்கும், ‘நோ-வெரிஃபை’ என்று சொல்லி யாரும் அதைத் தாண்டலாம். நள்ளிரவில் சர்வர் விழுந்திருக்கும்போது தாண்டத்தான் வேண்டும், அதைக் குற்றமாக்காதீர்கள். காவல் இருக்க வேண்டிய இடம் சிஐ, அதாவது ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் சர்வரில் தானாக ஓடும் சோதனை. அங்கே கருவி எதையும் திருத்தக் கூடாது. ‘ரஃப் செக்’கையும், ‘செக்’ தேர்வுடன் ‘ரஃப் ஃபார்மட்’டையும் ஓட்டி, தவறு இருந்தால் சிவப்பு காட்டினால் போதும். ஈஎஸ்லின்ட்டில் எச்சரிக்கைகளின் உச்ச வரம்பைப் பூஜ்யமாக வையுங்கள். எச்சரிக்கை என்று விட்டுவைத்த எதையும் யாரும் திருத்துவதில்லை.

முதல் ஒரு வாரம் இந்தச் சோதனை மெர்ஜைத் தடுக்காமல் ஓடட்டும். பிறகு கட்டாயமாக்குங்கள். கிட்ஹப்பில் கட்டாயமாக்கும்போது, இந்தக் குறிப்பிட்ட கோப்புகள் மாறினால் மட்டும் ஓடு என்று வொர்க்ஃப்ளோவுக்கு வடிகட்டி வைத்திருந்தீர்கள் என்றால் எடுத்துவிடுங்கள். ஆவணத்தை மட்டும் திருத்திய புல் ரிக்வெஸ்ட்டில் சோதனை ஓடவே ஓடாது, ஓடாததால் முடிவும் வராது, முடிவு வராததால் மெர்ஜ் பொத்தானும் திறக்காது.

10. செலவும் காலமும்

ரஃப், பிளாக், பிரிட்டியர், ஈஎஸ்லின்ட், பிரீ-கமிட் ஆகிய ஐந்தும் எம்ஐடி உரிமத்தில் இலவசம். பணம் போகக்கூடிய இடம் சிஐ நிமிடங்கள் மட்டுமே. கிட்ஹப்பில் பொது ரெப்போக்களுக்கு வழக்கமான இயந்திரங்களில் கட்டணம் இல்லை. தனியார் ரெப்போ என்றால் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 2000 நிமிடம். ஒவ்வொரு ஜாபும் (சிஐயில் தனியாக ஓடும் வேலை) முழு நிமிடமாகக் கணக்கிடப்படுவதால், பத்து நொடியில் முடியும் லின்ட்டையும் பத்து நொடியில் முடியும் ஃபார்மட் சோதனையையும் இரண்டு ஜாபாகப் பிரித்தால் இரண்டு நிமிடம் போகும். ஒரே ஜாபில் இரண்டு படிகளாக வையுங்கள்.

மனித நேரத்தைக் கணக்கிட்டால், நாற்பதாயிரம் வரிகள் கொண்ட எங்கள் இரண்டாவது ரெப்போவில் அமைப்புக் கோப்புகளுக்கு ஒரு நாள், குழுவின் பதிலுக்கு ஒரு வாரம், ஃபார்மட்டுக்கு அரை நாள், லின்ட் விதிகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஆறு வாரம் ஆயிற்று. மேலாளரிடம் கேட்கும்போது இந்த ஆறு வாரத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

11. பதிப்பு உயர்த்தும் நாள்

எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஜனவரி காலையில் யாரும் எதையும் மாற்றாமலே சிஐ சிவப்பாக நின்றால் பதறாதீர்கள். பிளாக் தன் வடிவ விதிகளை ஓர் ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்திருந்து, மாற்றங்களை அடுத்த ஆண்டின் முதல் வெளியீட்டில் மொத்தமாகக் கொண்டுவருகிறது; ரஃப்பும் 2025 ஜனவரியில் வந்த 0.9 பதிப்பில் அந்த ஆண்டுக்கான வடிவத்துக்கு மாறியது. சிஐயில் பதிப்பு எண் எழுதாமல் நிறுவியிருந்தால் அது அன்றைக்குக் கிடைக்கும் பதிப்பை எடுத்துக்கொள்ளும். எண்ணை எழுதிப் பூட்டுங்கள். உயர்த்த வேண்டியபோது, உயர்த்துவதை ஒரு கமிட்டாகவும் அதனால் வரும் வடிவ மாற்றத்தை அடுத்த கமிட்டாகவும் வைத்து, இரண்டாவதன் எண்ணை மெயினில் சேர்ந்த பிறகு பிளேம் பட்டியலில் ஒரு புதிய வரியாகச் சேருங்கள்.